இன்றேல், ஏன்?

கனகராயன்குளத்தில் ஏ-9 வீதியோரம் பஸ்ஸுக்காக நிற்கும் ஒருவருக்கு எத்தனை அமைச்சுகள் பொறுப்பு என்று எண்ணிப் பார்த்தால் தலை சுற்றும். அவர் நிற்கும் வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது. அது மத்திய அரசு. வரவேண்டியது இ.போ.ச. பஸ் என்றால் அதுவும் மத்திய அரசுதான். மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ் என்றால் மாகாணத்தைக் கேட்க வேண்டும். பிள்ளை படிக்கும் பாடசாலை மாகாணக் கல்வி அமைச்சின் கீழ். வயலுக்குத் தண்ணீர் தரும் குளம் 200 ஏக்கருக்கு உட்பட்ட சிறுகுளமானால் கமநல அபிவிருத்தித் திணைக்களம். வயலுக்குப் பின்னால் உள்ள காட்டுக்கு வனவளத் திணைக்களம், அந்தக் காட்டிலிருந்து இரவில் வரும் யானைக்கு வனஜீவராசிகள் திணைக்களம். பிரதேச செயலகம் நெடுங்கேணியில், கச்சேரி வவுனியாவில், மாகாண அமைச்சுகள் யாழ்ப்பாணப் பக்கம், அமைச்சர்மார் கொழும்பில்.

இத்தனை வாசலிலும் ஒரு கமக்காரர் ஏறி இறங்க முடியாது. அவருக்காகக் கேட்கத்தான் ஒருவரைத் தெரிவுசெய்து சபைக்கு அனுப்புகிறோம். அமைச்சரை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்கும் அந்த வழக்கம் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பிரித்தானியர் வழியாக வந்தது. இன்று இரண்டு நாட்டிலும் அது நடக்கும் விதம் வேறு. எங்கள் எம்.பி. எவ்வளவு உரக்கக் கேட்டார் என்பதை வைத்தே அவரை அளந்து பழகிவிட்டோம். கேள்விக்கு வந்த பதிலை அதன் பிறகு யார் காவல் காக்கிறார்கள் என்பதே முக்கியம் என்று எனக்குப் படுகிறது. இரு நாடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

யாருடைய எம்.பி.?

இந்தியாவில் 1892ஆம் ஆண்டுச் சட்டம் சட்டசபை உறுப்பினர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமையைக் கொடுத்தது. பதிலைக் கேட்டுவிட்டு மேலும் துருவும் துணைக் கேள்விக்கான உரிமை 1909இல் வந்தது. இலங்கையில் 1931இல் வந்த டொனமூர் ஆட்சிமுறையோ வேறு வழியில் போனது. அரசாங்க சபையின் உறுப்பினர்கள் எல்லோரும் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து, குழுத் தலைவர்களே அமைச்சர்களானார்கள். நிர்வாகம் செய்பவரும் கேள்வி கேட்பவரும் ஒரே மேசையில் இருந்தார்கள். 1947இல்தான் இன்றைய மாதிரியிலான பாராளுமன்றம் வந்தது. அப்போது வவுனியா தனித் தொகுதி; சி. சுந்தரலிங்கம் அதன் உறுப்பினர். அமைச்சராகி, அடுத்த ஆண்டே பதவியை விட்டு வெளியேறியவர் அவர்.

விகிதாசாரத் தேர்தல் வந்தபின் அந்த ஒற்றை உறவு போய்விட்டது. இன்று மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்து வன்னித் தேர்தல் மாவட்டம். அதற்கு ஆறு உறுப்பினர்கள். 2024 தேர்தலில் தேசிய மக்கள் சக்திக்கு இரண்டு ஆசனமும், வேறு நான்கு கட்சிகளுக்கு ஒவ்வொன்றும் கிடைத்தன. கனகராயன்குளத்தின் குறையை ஆறு பேரும் கேட்கலாம். ஆறு பேரும் மற்றவர் கேட்பார் என்று விட்டும்விடலாம். தமிழ்நாட்டில் ஒரு கிராமத்துக்கு ஒரு எம்.எல்.ஏ., ஒரு எம்.பி. என்பது கிழவிக்கும் தெரியும். தேர்தலில் யாரைத் திட்டுவது என்பதில் அங்கே குழப்பமில்லை. ஆனால் அந்த ஒருவர் வாய் திறக்காதவராக அமைந்துவிட்டால் ஐந்து ஆண்டும் அந்தத் தொகுதி ஊமைதான். வன்னியில் ஒருவர் தூங்கினாலும் இன்னொருவரிடம் போகலாம். ஒவ்வொரு முறைக்கும் அதனதன் நட்டம் உண்டு.

அச்சில் ஒரு கேள்வி

இலங்கை ஹன்சார்ட்டில் 'வினாக்களுக்கு வாய்மூல விடைகள்' என்ற தலைப்பின் கீழ் வரும் கேள்விகளுக்கு ஓர் அமைப்பு இருக்கிறது. (அ), (ஆ), (இ) என்று பிரிவுகள், அவற்றுக்குள் சின்ன எண்கள். கனகராயன்குளத்தில் ஆசிரியர் வெற்றிடம் பற்றி ஒரு கேள்வி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பாடத்துக்கு எத்தனை வெற்றிடம், எப்போதிலிருந்து, நிரப்பப்படும் திகதி என்ன என்பவற்றை அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா என்று அது போகும். கடைசியில் ஒரு தனிப் பிரிவாக நிற்கும்: இன்றேல், ஏன்?

அமைச்சர் தட்டிக் கழிக்க முடியாதபடி கதவை அடைக்கும் ஏற்பாடு அது. ஆனால் கதவுக்குப் பக்கத்திலேயே ஒரு பொட்டும் உண்டு. பதில் தயாரில்லை என்றால் அமைச்சர் எழுந்து இரண்டு வாரம் தவணை கேட்பார். உடனே ஹன்சார்ட்டில் 'வினாவை மற்றொரு தினத்திற் சமர்ப்பிக்கக் கட்டளையிடப்பட்டது' என்று ஒரு வரி விழும். இந்த வரியைப் புரட்டும் பக்கமெல்லாம் காணலாம். பதில் வந்தாலும் சில வேளை நீளம் கருதிச் சபாபீடத்தில் வைக்கப்பட்டுவிடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கேள்வி மூன்று மொழிகளிலும் அச்சாகிறது. பதிலோ அமைச்சர் பேசிய மொழியில் மட்டும் வரும்; பெரும்பாலும் சிங்களத்தில். சபைக்குள் உடனடி மொழிபெயர்ப்பு காதில் விழுகிறது, உறுப்பினருக்குப் பிரச்சினையில்லை. கனகராயன்குளத்தில் அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்க்கும் பெற்றோருக்குத் தங்கள் கேள்வி தமிழில் தெரியும். தங்களுக்குக் கிடைத்த பதிலை வாசிக்க இன்னொருவரைத் தேட வேண்டும்.

டில்லியில் வேறு மாதிரி. மக்களவை கூடும் நாளில் காலை 11 முதல் 12 வரை கேள்வி நேரம். நாளொன்றுக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, குறியிடாதவை 230. குறியிட்டவற்றுக்கு அமைச்சர் நின்று பதில் சொல்லி, துணைக் கேள்விக்கும் முகம் கொடுக்க வேண்டும். குறியிடாதவற்றுக்கு எழுத்தில் பதில். யார் கேள்வி மேலே வருவது என்பது குலுக்கலில் முடிவாகிறது. இருபதில் நாலைந்துக்கு மேல் சபையில் நகர்வது அரிது. மிச்சமும் எழுத்துப் பதிலாகிவிடும். ஆனால் அத்தனை பதில்களும் அன்றே இணையத்தில் ஏறிவிடுகின்றன, மாநிலவாரி அட்டவணைகளோடு. தவணை கேட்டு இழுத்தடிக்கும் வழக்கம் அங்கே இந்த அளவுக்கு இல்லை.

மொழிச் சிக்கல் அங்கும் தீர்ந்தபாடில்லை. பதில்கள் ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே. மதுரை எம்.பி. சு. வெங்கடேசன் ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்துக்கு உள்துறை இணை அமைச்சர் ஹிந்தியில் பதில் அனுப்ப, வழக்கு நீதிமன்றம் போனது. ஆங்கிலத்தில் எழுதினால் ஆங்கிலத்திலேயே பதில் தரவேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 ஆகஸ்டில் சொன்னது.

ஒரு மருத்துவமனை, ஒரு சந்தை

மதுரை எய்ம்ஸ் மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். 2018 டிசம்பரில் இந்திய மத்திய அமைச்சரவை 1,264 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. 2019 ஜனவரி 27ஆம் திகதி தோப்பூரில் பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார். அதற்குப் பிறகு வருடக்கணக்கில் சுற்றுச்சுவரைத் தவிர அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. தமிழ்நாட்டு எம்.பி.க்கள் கூட்டத்தொடர் தவறாமல் கேட்டார்கள். பதில்கள் ஒவ்வொன்றாக விடயத்தை வெளியே கொண்டுவந்தன: செலவு 1,977.80 கோடியாகிவிட்டது, அதில் 1,627.70 கோடி ஜப்பானிய நிறுவனமான ஜைக்காவின் கடன், கடன் ஒப்பந்தம் கையெழுத்தானது 2021 மார்ச்சில்தான். 2022இல் முதல் 50 மாணவர்கள் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கடன் வாங்கிப் படிக்கத் தொடங்கினார்கள். கட்டட வேலை 2024இல் ஆரம்பித்தது. கேள்வி கேட்டதால் மருத்துவமனை வேகமாக எழுந்துவிடவில்லை. ஆனால் ஒவ்வொரு ஆண்டும் அரசு சொன்ன கணக்கு எழுத்தில் இருந்தது. அடுத்த மேடையில் அதை மாற்றிச் சொல்ல யாராலும் முடியவில்லை.

கனகராயன்குளத்துக்குத் தெற்கே, அதே ஏ-9இல், ஓமந்தையின் கதையைப் பாருங்கள். 2016இல் வடக்குக்கு ஒரு பொருளாதார மத்திய நிலையம் வருகிறது என்றதும், அதை ஓமந்தையில் கட்டுவதா தாண்டிக்குளத்தில் கட்டுவதா என்று மத்திக்கும் மாகாணத்துக்கும் இழுபறி. தமிழ்க் கட்சிகளுக்குள்ளேயே இரு பக்கம். அப்போதைய வடக்கு முதலமைச்சர் சி.வி. விக்னேஸ்வரன் உறுப்பினர்களிடம் விருப்பம் கேட்டு வாக்கெடுத்தார். கடைசியில் கட்டடம் வவுனியா நகரை ஒட்டி எழுந்து, திறக்கப்படாமலே ஆண்டுக்கணக்கில் கிடந்தது. இந்த விடயம் மாகாண சபையில் பேசப்பட்டது, பாராளுமன்றத்தில் பேசப்பட்டது, மாவட்டக் கூட்டத்திலும் பேசப்பட்டது. மூன்று இடத்தில் கேட்கப்பட்ட கேள்விக்கு ஒரு இடத்திலும் முழுப் பொறுப்பாளி அகப்படவில்லை.

கேள்வியால் காரியம் நடந்ததும் உண்டு. 2025 மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானி வடக்கில் 5,940 ஏக்கர் காணியைக் காணி நிர்ணயச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. உரிமை கோராவிட்டால் அரச காணியாகிவிடும் என்ற அச்சம் பரவியது. வடக்கு எம்.பி.க்கள் கட்சி பார்க்காமல் சபையில் குரல் எழுப்பினார்கள், பிரதமரோடு கூட்டம் நடந்தது, அரசாங்கம் மீளப்பெறுவதாக அறிவித்தது. உயர் நீதிமன்றமும் ஜூனில் இடைக்காலத் தடை விதித்தது. கேட்பவர்கள் ஒன்றுபட்டு, பொறுப்பாளி ஒருவராக இருந்தபோது பதில் வாரங்களில் வந்தது.

பூட்டிக்கிடக்கும் சபை

தமிழ்நாட்டுக் கிராமத்தின் பாடசாலை, ஆஸ்பத்திரி, பஸ் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும் அமைச்சர்கள் சென்னைச் சட்டமன்றத்தில் எதிரே இருக்கிறார்கள். கேள்வியும் தமிழ், பதிலும் தமிழ். 2022 ஜனவரியிலிருந்து கேள்வி நேரம் நேரலையாகவும் வருகிறது. குறைகள் இல்லாமலில்லை. கேள்விக்கு முன் தலைவர் புகழ் பாடியே பாதி நேரம் கரையும். ஒருவர் பாலம் கேட்டால் 'என் தொகுதியிலும்' என்று பத்துப் பேர் எழும்புவார்கள். 'நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்' என்ற பதிலில் எல்லாம் அடங்கிவிடும். இருந்தாலும் சபை இருக்கிறது.

எங்களுக்கும் ஒன்று இருந்தது. 2013 செப்டெம்பர் 21இல் தெரிவான வடக்கு மாகாண சபையில் 38 உறுப்பினர்கள். வவுனியாவுக்கு ஆறு ஆசனம். தீர்மானங்கள் நிறைவேற்றுவதில் அது காட்டிய ஆர்வத்தை நாளாந்த நிர்வாகத்தைத் துருவுவதில் காட்டவில்லை என்ற குறை நியாயமானது. ஆனாலும் உறுப்பினர்கள் எழுப்பிய குற்றச்சாட்டுகள் விசாரணைக் குழு வரை போய், 2017இல் இரண்டு அமைச்சர்கள் பதவி விலக வேண்டி வந்தது. அதிகாரத்தைக் கிட்ட நின்று கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

2018 ஒக்டோபரில் அந்தச் சபையின் காலம் முடிந்தது. புதிய தேர்தல் முறைக்கான எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் ஆதரவு ஒன்றுமில்லாமல், எதிராக 139 வாக்குகளால் தோற்கடித்திருந்தது. புதிய முறையும் இல்லை, பழைய முறைக்குத் திரும்பும் சட்டமும் இல்லை. அன்றிலிருந்து ஆளுநர் ஆட்சி. கனகராயன்குளப் பாடசாலைக்கு ஆசிரியரை நியமிக்கும் அதிகாரம் மாகாணத்தில் இருக்கிறது, அதைக் கேள்வி கேட்கும் சபை மாகாணத்தில் இல்லை. கேள்வி கொழும்புக்குப் போகிறது. அங்கே அமைச்சர், மாகாண அதிகாரிகள் அனுப்பிய குறிப்பை வாசிக்கிறார். அந்தக் குறிப்பை எழுதியவர் எந்தச் சபைக்கும் முகம் கொடுப்பதில்லை.

பதிலுக்குப் பிறகு

இந்தியாவிடமிருந்து எடுத்துக்கொள்ளவேண்டிய முதல் பாடம் உறுதிமொழிக் குழு. மக்களவையில் 1953இலிருந்து இயங்குகிறது. 'செய்வோம்', 'பரிசீலிப்போம்' என்று அமைச்சர் சொன்ன ஒவ்வொரு வாக்கும் அதன் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் காரணம் காட்டி அவகாசம் கேட்க வேண்டும். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் குழு மாவட்டம் மாவட்டமாகப் போய், ஆட்சியரையும் அதிகாரிகளையும் வைத்துக்கொண்டு சொன்ன பாலம் எங்கே, சொன்ன கட்டடம் எங்கே என்று நேரில் பார்க்கிறது. எங்கள் பக்கம் அமைச்சர் கொடுத்த வாக்கைத் துரத்துவது பெரும்பாலும் கேட்ட உறுப்பினரின் தனிப்பாடாகவே இருக்கிறது. அவர் அடுத்த தேர்தலில் தோற்றால் கேள்வியும் சேர்ந்தே தோற்கும்.

இரண்டாவது, மாவட்டக் கூட்டம். மத்திய திட்டங்களைக் கண்காணிக்க இந்தியாவில் 2016இல் வந்த திஷா குழுவுக்கு அந்த மாவட்டத்தின் மக்களவை உறுப்பினரே தலைவர், அவர் எதிர்க்கட்சியாக இருந்தாலும். எங்கள் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் தலைமைக் கதிரை ஆளும் தரப்புக்கே போகிறது. அரசாங்கத்தைக் கேட்கவேண்டிய கூட்டத்தை அரசாங்கமே நடத்துகிறது.

இந்தியாவை அப்படியே உயர்த்திப் பிடிக்கவும் தேவையில்லை. 2020 செப்டெம்பரில் கொவிட்டைக் காட்டி ஒரு கூட்டத்தொடர் முழுவதும் கேள்வி நேரத்தையே தூக்கிவிட்டார்கள். கேள்வி கேட்கப் பணம் வாங்கியதற்காக 2005இல் 11 எம்.பி.க்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதே நாட்டில்தான் 1957இல் ஆளுங்கட்சி உறுப்பினரான பெரோஸ் காந்தி ஆயுள் காப்புறுதிக் கழகத்தின் முதலீடு பற்றிக் கேட்டார். அடுத்த ஆண்டு நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி இழந்தார். சொந்தக் கட்சி அமைச்சரை அப்படிக் கேட்கும் உறுப்பினர் இன்று இரு நாட்டிலும் அரிது.

மாகாண சபைத் தேர்தல் வரும்வரை வன்னி கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. உறுதிமொழிக் குழு அமைக்கவும், வடக்கு-கிழக்குக் கேள்விகளின் பதில்களைத் தமிழில் அச்சிடவும் அரசியலமைப்பைத் திருத்தத் தேவையில்லை; நிலையியற் கட்டளையும் சபாநாயகரின் முடிவும் போதும். வன்னியின் ஆறு உறுப்பினர்களும் கட்சி பார்க்காமல் இதைக் கேட்கலாம். ஊர் மக்களும் 'ஆசிரியர் இல்லை' என்று பொதுவாக முறையிடுவதை விட்டு, எந்தப் பாடம், எத்தனை பேர், எந்தத் திகதியிலிருந்து என்று எழுதிக் கொடுக்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் அந்த விபரத்தைத் திணைக்களத்திடமே வாங்கித் தரும். விபரத்தோடு போகும் கேள்விக்கு அமைச்சர் தவணை கேட்டால், இரண்டு வாரம் கழித்து அதே கேள்வி திரும்ப வருகிறதா என்று பார்ப்பதும், வராவிட்டால் கேட்ட எம்.பி.யிடம் போய் ஏன் என்று கேட்பதும் வாக்களித்தவர்களின் வேலை.