முகமும் முகமூடியும்: 'டாப் கியர்' நகைச்சுவை குறித்து

பி.பி.சி.யின் 'டாப் கியர்' 1977இல் எளியதொரு நுகர்வோர் நிகழ்ச்சியாகத் தோன்றியது. காரின் விலை, எரிபொருள் செலவு, பின்னிருக்கையின் இடவசதி ஆகியவற்றை எடுத்துரைப்பதே அன்று அதன் பணி. 2001இல் நிறுத்தப்பெற்ற அந்நிகழ்ச்சியை ஜெரமி கிளார்க்சனும் தயாரிப்பாளர் ஆண்டி வில்மனும் 2002இல் வேறொன்றாக உருமாற்றி மீண்டும் திரைக்குக் கொணர்ந்தனர். ரிச்சர்ட் ஹேமண்ட் உடனிருந்தார். ஜேம்ஸ் மே அடுத்த ஆண்டு இணைந்தார். அதன்பின் கார் ஒரு சாக்காகவே எஞ்சியது; மூன்று மனிதர்களின் குணச்சித்திரங்களே நிகழ்ச்சியாயின. கிளார்க்சன் தற்பெருமையும் முரட்டுத்தனமும் கொண்டவர். ஹேமண்ட் குள்ள உருவமும் துடுக்கும் உடையவர். மே நத்தை வேகத்தவர், நுணுக்கப் பித்தர். புனைவு சாரா நிகழ்ச்சிகளுள் உலகில் மிகப் பரவலாகப் பார்க்கப்படுவது இதுவே என 2013இல் கின்னஸ் நூல் பதிவு செய்தது. 'புனைவு சாரா' என்னும் அவ்வகைப்பாட்டைப் படிக்கையில் நமக்கு முறுவல் எழுகிறது. இம்மூவரினும் மிகுதியாகப் புனையப்பட்ட பாத்திரங்களை அன்றைய நாடகத் தொடர்களில் தேடினாலும் காண்பது அரிது.

இந்நிகழ்ச்சியைக் கண்டிப்போர் அதன் திறனை ஒப்புக்கொள்வதில்லை. நாம் அதனை முதலில் ஒப்புக்கொள்வோம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் இடங்களைச் சுட்டுகையில் எள்ளலையும் சேர்க்கும், பேதைமையையும் சேர்க்கும். 'டாப் கியர்' உயர்ந்து நின்ற தருணங்கள் யாவும் பேதைமையில் பிறந்தவை. அதுவும் தம் பேதைமையில். பழைய ஊர்திகளைப் படகுகளாக்கி நீரில் இறக்கி மூழ்கடித்ததும், மூன்று சக்கர ரிலையண்ட் ராபின் காரை விண்ணோடமாக்க முயன்று மண்ணில் மோதவிட்டதும் அத்தகையன. போட்ஸ்வானாவைக் கடந்த 2007ஆம் ஆண்டுப் பயணத்தில் ஹேமண்ட் தம் பழைய ஓப்பல் காருக்கு 'ஆலிவர்' எனப் பெயரிட்டு அதன்மீது கொண்ட வாஞ்சை, காரைப்பற்றி ஏதும் அறியாதவரையும் கட்டிப்போட்டது. அங்கே நகைப்புக்கு இலக்கானவர் பயணியே. நிலமும் மக்களும் அவருடைய மடமைக்குச் சாட்சிகளாக நின்றனர்.

இதே மூவரின் இன்னொரு நகைப்பு வேறு திசையில் பாய்ந்தது. 2011ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மெக்சிகோவில் உருவாகும் ஒரு விரைவுக்காரைப் பற்றிப் பேசுகையில், அக்கார் அந்நாட்டவரைப் போன்றே சோம்பலும் பொறுப்பின்மையும் உடையதாய் இருக்கும் என ஹேமண்ட் தொடங்கினார். மே அவர்தம் உணவை இழித்தார். தூதுவர் உறங்கிக்கொண்டிருப்பார், ஆகவே முறையீடு வாராது எனக் கிளார்க்சன் முடித்தார். தூதுவர் உறங்கவில்லை, முறையீடு எழுதினார். பி.பி.சி. அவரிடம் வருத்தம் தெரிவித்தது. ஆனால் பிற நாட்டவரைப் பற்றிய வார்ப்புருக்களைக் கொண்டு நகைப்பது பிரித்தானிய நகைச்சுவையின் ஒரு கூறு என்றும் வாதிட்டது.

ஒலிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம் இதில் விதிமீறல் இல்லை என்று தீர்த்தது. இந்நிகழ்ச்சியின் போக்கை வழக்கமாகப் பார்ப்போர் நன்கறிவர் என்பது அதன் விளக்கத்தின் சாரம். இவ்விளக்கத்தை நாம் சற்றே நின்று நோக்க வேண்டும். பார்வையாளரின் எதிர்பார்ப்பே அளவுகோல் எனில், ஒருமுறை இழித்துரைப்பவன் குற்றவாளி. வாரந்தோறும் இழித்துரைப்பவன் குற்றமற்றவன். பழக்கம் சலுகையாகிறது. அன்றியும், அவ்வெதிர்பார்ப்பு யாருடையது? நிகழ்ச்சியை விரும்பிப் பார்ப்போருடையது. இழித்துரைக்கப்பட்டவர் அக்கணக்கில் இடம்பெறுவதே இல்லை.

முன்வைக்கப்படும் மற்றொரு வாதம், இவை பாத்திரங்களின் கூற்றுகள், மனிதர்களின் கூற்றுகள் அல்ல என்பது. இது வலுவான வாதமே. 1960களில் பி.பி.சி. தொடரொன்றில் வாரன் மிச்சல் நடித்த ஆல்ஃப் கார்னெட் என்னும் பாத்திரம் இனவெறியை வாய் ஓயாது கக்கியது. நடித்தவரோ யூதர், இடதுசாரிச் சார்பினர். அங்கும் ஆல்ஃபோடு உடன்பட்டே சிரித்தவர்கள் உண்டு என்பது உண்மைதான். எனினும் பாத்திரத்துக்கு ஒரு பெயர், நடிகருக்கு ஒரு பெயர். இடையே ஒரு கோடு இருந்தது. 'ஆலன் பார்ட்ரிட்ஜ்' என்னும் அறிவிலித் தொகுப்பாளரைப் படைத்த ஸ்டீவ் கூகன், 'டாப் கியர்' நிகழ்ச்சியில் விருந்தினராகப் பலமுறை தோன்றியவர். மெக்சிகோ விவகாரத்தில் அவரே அம்மூவரையும் கண்டித்து எழுதினார். பொருத்தமானவர் அவரே, முகமூடி அணிந்து பிழைப்பவருக்கே அதன் இலக்கணம் தெரியும்.

கிளார்க்சனின் முகமூடிக்கும் கிளார்க்சன் என்றே பெயர். பாராட்டு வருகையில் அது அவர் முகம். முறையீடு வருகையில் அது முகமூடி. நிகழ்ச்சியில் வெளிப்படையாக முகம் மறைத்தவர் ஒருவரே: வெண்ணிறத் தலைக்கவசத்தோடு ஒரு சொல்லும் பேசாது கார் ஓட்டிய 'ஸ்டிக்'. அவர் பென் காலின்ஸ் என்பதை வெளியிடும் நூலைத் தடுக்க பி.பி.சி. 2010இல் உயர் நீதிமன்றம்வரை சென்று தோற்றது. எவரையும் புண்படுத்தாத முகமூடியைக் காக்க வழக்கு. புண்படுத்திய முகமூடிகள் வழக்கமின்றியே காக்கப்பட்டன!

நம் வாசகர் பலர் வேறொன்றை முதலில் நினைவுகூர்வர். ஈராக்கிலிருந்து பெத்லஹேம்வரை சென்ற 2010ஆம் ஆண்டுச் சிறப்பு நிகழ்ச்சியில் தொகுப்பாளர்கள் பெண்களின் முகத்திரையை அணிந்து வேடிக்கை காட்டினர். அதற்குச் சில மாதங்கள் முன்னர், புர்கா அணிந்த ஒரு பெண் சாலையில் தடுக்கி விழுந்ததாகக் கூறி அவளது உள்ளாடை பற்றிக் கிளார்க்சன் பேசியிருந்தார். இவை நம்மைப் புண்படுத்தின. ஆயினும் இவற்றைத் தனித்தெடுத்து முறையிடுவதில் நமக்கு உடன்பாடில்லை. மெக்சிகோவினரைச் சோம்பேறிகள் என்கையில் சிரித்துவிட்டு, முகத்திரைக்கு வந்ததும் முகஞ்சுளிப்பவனின் கண்டனம் திறனாய்வு ஆகாது. அது தன் முறை வந்ததன் வருத்தம் மட்டுமே.

2011 டிசம்பரில் ஒளிபரப்பான இந்தியப் பயணம் இவ்விரு நகைப்புகளையும் ஒரே படத்தில் அருகருகே வைத்துக் காட்டுகிறது. மும்பையின் டப்பாவாலாக்களைவிடக் காரில் விரைவாக உணவு சேர்ப்போம் எனப் புறப்பட்டு மூவரும் நெரிசலில் திண்டாடும் பகுதி இனியது. நூறாண்டுக்கும் மேலாக இயங்கிவரும் ஒரு மக்கள் ஏற்பாட்டின் முன் ஆணவம் அசடு வழிகிறது. அதே படத்தில், இந்தியாவுக்கு வருவோர் அனைவர்க்கும் வயிற்றுப்போக்கு உண்டாகும் என்று கூறிக் கிளார்க்சன் தம் ஜாகுவாரின் பின்புறம் கழிப்பறைத் தொட்டியைப் பொருத்தி ஊர்வலம் வந்தார். இரயில் பெட்டிகளில் ஆங்கில விளம்பரத் துணிகளைக் கட்டி, பெட்டிகள் பிரிந்ததும் எஞ்சிய எழுத்துகள் ஆபாசமாகுமாறு செய்தனர். 2012 ஜனவரியில் இலண்டனிலுள்ள இந்தியத் தூதரகம் முறையிட்டது. தொட்டியைவிட இரயில் துணியே நமக்கு உறுத்துகிறது. அந்நகைப்பு, அதைக் கட்ட இடமளித்தோர் அதன் பொருளை அறியமாட்டார் என்பதைக் கொண்டே இயங்குகிறது. விருந்தோம்பியவர் விளங்கிக்கொள்ளாத மொழியில் அவர் வீட்டுச் சுவரில் எழுதிவைத்துத் தம் ஊரார்க்குக் காட்டிச் சிரிப்பது போன்றது அது.

அவ்வழி சென்றால் சேருமிடம் 2014இன் பர்மா நிகழ்ச்சி. தாம் கட்டிய மூங்கில் பாலத்தின்மீது ஆசியர் ஒருவர் நடந்துவருகையில், அதில் ஒரு 'ஸ்லோப்' இருக்கிறது என்றார் கிளார்க்சன். சரிவு என்பது அச்சொல்லின் பொருள். கிழக்காசியரை இழிக்கும் வசையும் அதுவே. ஹேமண்ட் ஆமோதித்தார். அது இழிசொல்லாகக் கருதப்படுவதை அப்போது அறிந்திலோம் எனத் தயாரிப்பாளர் பின்னர் வருந்தினார். ஆஃப்காம் இம்முறை ஏற்கவில்லை. சொல் திட்டமிட்டே கையாளப்பட்டது எனக்கண்டு விதிமீறல் என்று தீர்த்தது. அவ்வாண்டு அக்டோபரில் அர்ஜெண்டினாவில், காரின் பதிவெண் 1982ஆம் ஆண்டு ஃபாக்லந்து போரைக் குத்திக்காட்டுவதாக மக்கள் திரண்டெழ, குழுவினர் கல்லெறிக்கிடையே வெளியேறினர். பதிவெண் தற்செயலானது என்றனர். தற்செயலாகவே இருந்திருக்கலாம். பத்தாண்டுகளாக எதைச் சொன்னாலும் விளையாட்டு என்று தப்பியவர்க்கு, மெய்யாகவே விளையாடாதபோது நம்புவோர் இல்லாது போயினர்.

2015 மார்ச்சில் வடக்கு யார்க்சயரின் விடுதியொன்றில், நாளின் முடிவில் சூடான உணவு கிடைக்கவில்லை என்று கிளார்க்சன் தம் தயாரிப்பாளர் ஒருவரை வசைபாடித் தாக்கினார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவரை மீட்குமாறு பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். ஒளிப்படக்கருவி ஏதும் அங்கில்லை. பாத்திரம் மேடையேற வேண்டிய தேவையும் இல்லை. ஆயினும் அங்கே பேசியதும் அடித்ததும் திரையில் நாம் கண்ட அவர்தாம். கையொப்பமிட்டோர் காக்க விரும்பியது பாத்திரத்தையா மனிதரையா என்பதை அவர்களே பிரித்தறிந்திருப்பார்களா என்பது ஐயம்.

பின்னைய கதையைச் சுருக்கிவிடலாம். மூவரும் அமேசானில் நடத்திய 'கிராண்ட் டூர்' 2016இல் தொடங்கி 2024 செப்டம்பரில் நிறைவுற்றது. 'டாப் கியர்' வேறு தொகுப்பாளரோடு தொடர்ந்து, 2022 டிசம்பரில் பிளின்டாஃப் படுகாயமுற்ற விபத்துக்குப்பின் படப்பிடிப்பு நின்று, 2023 நவம்பரில் காலவரையின்றி ஓய்வுக்கு அனுப்பப்பட்டது. கிளார்க்சன் 2021 முதல் தம் பண்ணையைப் பற்றிய தொடரில் தோன்றுகிறார். அதில் கேலப் கூப்பர் என்னும் இளம் உழவர், வரப்பு கோணியதற்கும் விதை வீணானதற்கும் அவரை முகத்துக்கு நேரே ஏசுகிறார். பேதைமையின் நகை மீண்டும் அங்கே உயிர்க்கிறது. நாமும் மனமுவந்து சிரித்தோம். 2022 டிசம்பரில் இவரே 'த சன்' இதழில் இளவரசர் ஹாரியின் மனைவி மேகன் பற்றி எழுதிய பத்தி வந்தது. இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட முறையீடுகள் குவிந்தன. இதழும் அவரும் மன்னிப்புக் கோரினர். 2023 ஜூனில் பத்திரிகை ஒழுங்காற்று அமைப்பு அப்பத்தி பெண்பாலரை இழிவுபடுத்துவது என்று தீர்த்தது. பத்தியில் எழுதுபவர் தனியர். இடைமறித்து நையாண்டி செய்ய ஹேமண்ட் இல்லை. தலையசைத்துச் சலித்துக்கொள்ள மே இல்லை. ஏசுவதற்குக் கூப்பரும் இல்லை.