கத்தி பட்டதும் பிறக்கும் காரம்

ஓசூர் உழவர் சந்தையில் முட்டைகோஸ் வாங்கும்போது இரண்டைக் கையில் எடுத்து ஒன்றோடொன்று உரசிப் பாருங்கள். காலையில் அறுத்து வந்ததென்றால் ‘கிறீச்’ என்று சத்தம் போடும். வாடியது வாய் திறக்காது. தளி, கெலமங்கலம், பாகலூர்ப் பக்கம் விளையும் கோஸுக்கு இந்தச் சத்தம் கூடுதல். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்துக் குளிர், இலைகளை இறுக்கிக் கட்டிவிடுகிறது.

நடுவாக வகிர்ந்தால் வெளிச்சுற்றில் சாம்பல் பூத்த பச்சை, உள்ளே போகப் போக இளமஞ்சள், மையத்தில் வெள்ளைத் தண்டு. பல வீடுகளில் அந்தத் தண்டு நேரே குப்பைக்குப் போகிறது. பாவம், கோஸின் ருசியே அதில்தான் இருக்கிறது. ஒரு துண்டைப் பச்சையாக மென்று பாருங்கள். முதலில் வெறும் இனிப்பு. நாலைந்து முறை மென்றதும் முள்ளங்கி வாடை. அதற்கப்புறம்தான் கடுகுக் காரம் மெல்ல மூக்கைத் தொடும். மிளகாய்க் காரம் நாக்கில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொள்ளும். இது மூக்குவரை ஏறி, சொல்லாமல் இறங்கிவிடும்.

அந்தத் தாமதம்தான் அழகு. முழுக் கோஸில் இந்தக் காரம் கிடையாது. குளுக்கோசினோலேட் என்ற கந்தகப் பொருள் ஒரு பக்கம், மைரோசினேஸ் என்ற நொதி வேறு செல்களில் இன்னொரு பக்கம் என்று செடி இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. பல்லோ கத்தியோ பட்டுச் சுவர் உடைந்தால்தான் அவை சந்திக்கும். ஐசோதயோசயனேட் என்ற காரம் அப்போதுதான் பிறக்கும். கடுகு, முள்ளங்கி, நூல்கோல், புரோக்கோலி எல்லாம் இதே குடும்பம், இதே ஏற்பாடு.

செடி இதைச் செய்து வைத்தது நமக்காக அல்ல, தின்ன வரும் பூச்சிகளை விரட்ட. வைரமுதுகு அந்துப்பூச்சியோ அந்த வாடையையே விலாசமாகப் பிடித்துக்கொண்டு வந்து முட்டையிடுகிறது. அதைத் திசைதிருப்ப பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் ஒரு வழி சொன்னது: 25 வரிசைக் கோஸுக்கு இரண்டு வரிசைக் கடுகு. ஒரு வரிசையை நாற்று நடுவதற்கு 15 நாள் முன்பும், மற்றதை நட்ட 25 நாள் கழித்தும் விதைக்க வேண்டும். பூச்சி கடுகுக்குப் போய்விடும். இந்தக் கணக்கை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இனி வயிற்றுக்கு வருவோம். சான் பிரான்சிஸ்கோ மருத்துவர் கார்னெட் செனி, குடற்புண் நோயாளிகள் 13 பேருக்குத் தினமும் ஒரு லிட்டர் பச்சைக் கோஸ் சாறு கொடுத்தார். புண் சீக்கிரம் ஆறியதாக 1949இல் எழுதினார். பக்கத்தில் வைத்து ஒப்பிட வேறு நோயாளிகள் இல்லை என்பதால் அதை முழுச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. புண்ணுக்குப் பின்னால் ஒரு கிருமி இருப்பதும் அன்று யாருக்கும் தெரியாது. ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற அந்தக் கிருமியை 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மருத்துவர்கள் மார்ஷலும் வாரனும் வளர்த்தெடுத்தார்கள். மார்ஷல் 1984இல் அதைத் தானே குடித்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல். யூரியாவை அம்மோனியாவாக மாற்றித் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொண்டு வயிற்றில் குடியிருக்கிற கில்லாடி அது.

புரோக்கோலியில் பிறக்கும் சல்ஃபோராபேன் என்ற ஐசோதயோசயனேட், மருந்துக்கு அடங்காத பைலோரியையும் ஆய்வகத்தில் அடக்கியது. ஜப்பானில் 48 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2009இல் வெளியானது. தினம் 70 கிராம் புரோக்கோலி முளையை எட்டு வாரம் தின்றவர்களிடம் கிருமியின் அடையாளங்கள் குறைந்தன. நிறுத்தி இரண்டு மாதத்தில் பழைய நிலைக்கே திரும்பின. ஆக, கோஸ் குடும்பம் கிருமியைத் தட்டி வைக்கலாம், வெளியேற்றாது. பரிசோதனையில் பைலோரி என்று வந்தால் மருத்துவர் தரும் ஆன்டிபயாடிக் மாத்திரைகளை நாள் தவறாமல் முடிப்பதுதான் வழி.

சமையலுக்கு வந்தால்தான் வருத்தம். இத்தனை கோஸ் விளையும் ஊரில், தொழிற்சாலை ஷிஃப்ட் கேன்டீன்களில் கிடைப்பது வெந்து வெளுத்த பொரியல். கொதியில் நொதி செத்துவிடும். அரிந்ததைக் கொஞ்ச நேரம் விட்டுப் பிறகு அடுப்பேற்றினால் காரம் முன்கூட்டியே உண்டாகிவிடும். பச்சையாகவே வேண்டுமென்றால் கர்நாடக எல்லையோர வீடுகளின் கோசம்பரி இருக்கிறது: ஊறிய பாசிப்பருப்பு, மெல்லிசாகச் சீவிய கோஸ், எலுமிச்சை, சூளகிரிக் கொத்தமல்லி. மேலிலைகளை நீக்கி, நன்றாகக் கழுவிச் செய்யுங்கள். மருந்தடிக்காத கோஸ் அபூர்வம்.

வெந்த பொரியலையும் கொஞ்சம் மீட்கலாம். வேகவைத்த புரோக்கோலியில் ஒரு கிராம் கடுகுப் பொடி தூவிச் சாப்பிட்டவர்கள் உடலில் சல்ஃபோராபேன் நாலு மடங்குக்கு மேல் சேர்ந்ததாக 2018இல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று சொன்னது. செத்த நொதிக்குப் பதில் கடுகின் நொதி வேலை செய்கிறது. தாளித்த கடுகு இதற்கு உதவாது. எண்ணெயில் வெடித்தபோதே அதன் கதை முடிந்தது. கிருஷ்ணகிரி மாங்காயில் ஆவக்காய் போடுகிற தெலுங்கு வீடுகளில் பச்சைக் கடுகுப் பொடி எப்படியும் இருக்கும். அடுப்பை அணைத்து, சூடு தணிந்ததும் ஒரு சிட்டிகை தூவினால் போதும். கேன்டீன் மாஸ்டரிடமும் யாராவது சொல்லிப் பார்க்கலாம்.