அரைமணி நேரம் போதுமா?

பெஹாலாவில் குடியிருந்துகொண்டு சால்ட் லேக் செக்டர் ஐந்தில் வேலை பார்ப்பவர்கள் தினமும் கொல்கத்தாவைக் குறுக்காகக் கடந்தாக வேண்டும். பெஹாலா வழியே செல்லும் டைமண்ட் ஹார்பர் சாலைக்கு மேலே 2022 டிசம்பரில் திறக்கப்பட்ட மெட்ரோ, 2024 மார்ச்சில் மாஜேர்ஹாட் வரை நீண்டது. அங்கே இறங்கி பஸ்ஸுக்கோ, புறநகர் ரயிலுக்கோ மாற வேண்டும். வீடு வந்து சேர்வதற்குள் பிள்ளைக்குக் கண் சொருகிவிடும். இத்தகைய வீடுகளுக்குச் சொல்லப்படும் மருந்துதான் ‘குவாலிட்டி டைம்’: போனை ஓரமாக வைத்துவிட்டு அரைமணி நேரம் முழுக் கவனத்தோடு பிள்ளையுடன் இரு, போதும்.

வெறும் சால்ஜாப்பு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 3 முதல் 11 வயதுவரையான பிள்ளைகளின் நடத்தைக்கும் படிப்புக்கும், தாய் அவர்களோடு செலவிட்ட மணிக்கணக்குக்கும் சொல்லிக்கொள்ளும்படியான தொடர்பில்லை என்று 2015இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. குற்றவுணர்வில் வெந்த தாய்மார்களுக்கு அது ஆறுதல். ஆனால் அரைமணி போதும் என்று அந்த ஆய்வு எங்கும் சொல்லவில்லை. அதை நாமே சேர்த்துக்கொண்டோம்.

சிக்கல், நேரம் குறிப்பதில் இருக்கிறது. இரவு ஒன்பதுக்கு மடியில் உட்கார்த்தி, “ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?” என்று கேட்டால், பெஹாலாவில் வளரும் பிள்ளை “கிச்சு நா” என்று சொல்லும். ஒன்றுமில்லையாம்! மறுநாள் தலையில் தண்ணீர் ஊற்றும்போது, பக்கத்துப் பையன் ரப்பரைப் பிடுங்கிக்கொண்டது, மிஸ் திட்டியது எல்லாம் தானாக வெளியே வரும். கதை கேட்க வேண்டியவர் அப்போது பஸ்ஸில் இருப்பார். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, பள்ளிக்கு நடப்பது போன்ற ‘வெட்டி’ வேளைகளில்தான் பிள்ளை மனம் திறக்கிறது. கைபிடித்து நடக்கவாவது சாலை இடம் கொடுக்க வேண்டுமே. 2023 ஆகஸ்ட் 4 காலை, பெஹாலா சௌரஸ்தாவில் தந்தையோடு பள்ளிக்குப் போன இரண்டாம் வகுப்புச் சிறுவன் லாரி மோதி இறந்தான், தந்தை படுகாயமடைந்தார். பெற்றோர் மனம் வைத்தால் போதும் என்று பேசும் அறிவுரைகளில் நடைபாதை வருவதேயில்லை.

இன்னொரு குறையும் உண்டு. அந்த இனிய அரைமணி பெரும்பாலும் அப்பாவுக்கு. மூக்குத் துடைப்பதும் மருந்து புகட்டுவதும் அம்மாவுக்கு. 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 15–59 வயதினரில் வீட்டாரைப் பராமரிப்பதில் ஈடுபட்ட பெண்கள் 41 சதவீதம், ஆண்கள் 21.4 சதவீதம். ஈடுபட்டவர்களிலும் பெண்கள் நாளுக்குச் சுமார் 140 நிமிடமும் ஆண்கள் 74 நிமிடமும் செலவிட்டார்கள்.

‘குவாலிட்டி டைம்’ அறிவுரையால் நிம்மதியடைபவர் முதலாளிதான்; பொறுப்பு முழுக்கப் பெற்றோர் தலையில் விழுகிறது. முதலாளிக்கும் சட்டம் ஒரு கடமை வைத்தது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றது மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம். செக்டர் ஐந்தில் அப்படியொன்று இருந்தாலும், பெஹாலாவிலிருந்து இரண்டு வயதுக் குழந்தையைக் காலைக் கூட்டத்தில் யார் இடுக்கிக்கொண்டு போவது? பெஹாலாத் தாய்க்கு உதவுவது வீட்டுக்குப் பக்கத்திலேயே நல்ல காப்பகமும், ஆறு மணிக்கு மேல் மீட்டிங் வைக்காத மேலாளரும்தான்.