தருக்கம் யார் பக்கம்?

சில மாதங்களுக்கு முன்பு பாளையங்கோட்டையில் ஒரு சிறு வாசிப்புக் கூட்டம். இளம் தோழர் ஒருவர் எழுந்து சொன்னார்: "தருக்கம், பகுத்தறிவு எல்லாமே அதிகாரத்தோட மொழி. அவங்க பள்ளிக்கூடத்துல படிச்சு அவங்களோடயே வாதாட முடியாது. நமக்குக் கலகம் போதும். கதை போதும், பாட்டு போதும்." எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். ஆனால் ஜங்ஷனுக்குத் திரும்பும் வழியில் சுலோச்சன முதலியார் பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்தபோது மனசு ஒப்பவில்லை. கொக்கிரகுளத்தை வைத்துக்கொண்டு தருக்கம் வேண்டாம் என்று நம்மால் சொல்ல முடியுமா? அன்றைக்குச் சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

தருக்கம் என்றால் என்ன? கல்லூரியில் எனக்குச் சொல்லித் தந்தது இது: எல்லா மனிதரும் சாகிறவர், சாக்ரடீஸ் மனிதர், ஆகவே சாக்ரடீஸ் சாகிறவர். சாக்ரடீஸை எனக்குத் தெரியாது. ஊர்க் கிணற்றை வைத்துத்தான் எனக்கு அது விளங்கியது. ஊர்க்காரர் எல்லாரும் ஊர்க் கிணற்றில் தண்ணீர் இறைக்கலாம், நாங்கள் ஊர்க்காரர், ஆகவே நாங்களும் இறைக்கலாம். வாதத்தில் ஒரு ஓட்டை கிடையாது. ஆனால் வாளியோடு போனால் அடிதான் விழும். காரணம், இரண்டாவது வாக்கியத்தை அவன் ஒத்துக்கொள்ளவில்லை. வாக்காளர் பட்டியலில் ஒரே ஊர்தான். பேச்சில் 'ஊர்' என்றால் காலனி நீங்கலாக. எங்க அம்மாவே கடைக்குப் போகும்போது "ஊருக்குள்ள போயிட்டு வாரேன்"னுதான் சொல்லுவா.

பௌத்தத் தருக்க ஆசிரியர் திக்நாகர் சொல்லைப் பற்றி ஒன்று சொன்னார். சொல் பொருளை நேரே தொட்டுக் காட்டுவதில்லை; மற்றதை விலக்கித்தான் அது பொருள் தருகிறது. பசு என்றால், பசு அல்லாதவை நீங்கியது. அபோகம் என்று இதற்குப் பெயர். திக்நாகருக்கு இது அறிவு பற்றிய கொள்கை. நமக்கு இது தெருவின் வரைபடம். நம்மை விலக்கித்தான் 'ஊர்' என்ற சொல்லே பொருள் கொள்கிறது.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. இதைச் சொன்னால் அது பெறப்படுமா என்று மட்டும்தான் தருக்கம் பார்க்கும். உள்ளே வருகிற சொல்லை யார் கொண்டுவந்தது, யாரை வெளியே தள்ளிவிட்டு அது வந்தது என்று அது கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டியது நாம்.

இதைப் பேச கிரேக்கத்துக்குப் போக வேண்டாம். மணிமேகலையின் 29ஆவது காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் சொல்லித் தருகிறார். நிறுவ வேண்டியது பக்கம், அதற்குக் காரணம் ஏது, எடுத்துக்காட்டு திட்டாந்தம். மலையில் நெருப்பு இருக்கிறது, புகை இருப்பதால், அடுக்களையைப் போல. காவியச் சுவை இல்லாத வறட்டுப் பகுதி என்று வகுப்பில் இதைத் தாண்டிப் போவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ஒரு கணிகையின் மகள் உட்கார்ந்து தருக்கம் படிக்கிறாள் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. அதற்கு முன்பே 27ஆவது காதையில் அளவைவாதி வந்து வியாசருக்கு 10 அளவை, சைமினிக்கு 6 அளவை என்று பட்டியல் போடுகிறான். வேத வாக்கும் அதில் ஒரு அளவை. அறவண அடிகளோ இரண்டே இரண்டு என்கிறார்: காண்பது, கண்டதைக்கொண்டு கருதுவது. 'சாத்திரம் சொல்லுது' என்பது தனியாக ஒரு சான்று ஆகாது. மனுவில் எழுதியிருக்கிறது என்பதனாலேயே ஒன்று காரணமாகிவிடாது. இது சின்ன விஷயமா?

13ஆவது காதையில் ஆபுத்திரன் பிறப்பைச் சொல்லி அந்தணர்கள் இழிக்கிறபோது, அவன் அவர்களுடைய ரிஷிகளின் பிறப்பைத் திருப்பிக் கேட்கிறான். பிறப்புத்தான் உயர்வு தரும் என்ற பொதுவிதிக்கு, அவர்கள் வீட்டிலிருந்தே எதிர்ச்சான்று எடுத்துக் காட்டுகிறான். தருக்கம் நம் கையிலும் இருந்திருக்கிறது.

ஆனால் இந்தத் தருக்கத்தையும் அப்படியே தலையில் தூக்கிவைக்க என்னால் முடியாது. பக்கத்தில் வரும் பிழைகள், அதாவது பக்கப் போலிகள் 9. அவற்றில் ஒன்று உலக விருத்தம்: உலகம் ஒத்துக்கொள்ளாததைச் சொல்வது. மதியைச் சந்திரன் அல்ல என்று சொன்னால் அது உலக விருத்தம் என்கிறது மணிமேகலை. சரி, தொல்லை இல்லை. இதே மரபைச் சேர்ந்த நியாயப்பிரவேசம் என்ற வடமொழி நூலில் வேறு எடுத்துக்காட்டு இருக்கிறது. மனித மண்டையோடு சுத்தமானது, உயிருள்ளதன் உறுப்பு என்பதால், சங்கைப் போல. இந்த வாதத்தை ஏதுப் போலியில் சேர்க்கவில்லை; உலகம் ஏற்காது என்ற வகையில் சேர்த்துத் தள்ளுகிறார்கள்.

சங்கும் செத்த பிராணியின் கூடுதானே? அதை வாயில் வைத்து ஊதுகிறார்கள். மாட்டுத் தோல் மிருதங்கத்தில் ஏறினால் சபையில் உட்காருகிறது. பறையில் ஏறினால் தெருக்கோடியில் நிற்கிறது. ஏன் என்று கேட்டால் 'உலக வழக்கு'. எந்த உலகம்? வழக்கு என்பது உயர்ந்தோருடையது என்று தொல்காப்பியம் ஏற்கனவே சொல்லிவிட்டது. 'நாங்களும் நீங்களும் சமம்' என்ற நம் வாக்கியமே அவர்களுக்கு உலக விருத்தம்தான். வேத வாக்கை வாசலில் நிறுத்திய பௌத்தத் தருக்கம், உலக வழக்கைப் பின்வாசல் வழியாக உள்ளே விட்டுவிட்டது.

இப்போது கொக்கிரகுளம். 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கூலி உயர்வும், சிறையில் கிடந்தவர்களின் விடுதலையும் கேட்டு ஆட்சியரிடம் மனுக் கொடுக்கப் போன ஊர்வலம். போலீஸ் தடியடி. ஒரு பக்கம் தடி, மறு பக்கம் தாமிரபரணி. 17 பேர் செத்தார்கள். அதில் 2 பேர் பெண்கள், ஒன்று குழந்தை. நீதிபதி மோகன் தலைமையில் ஒருநபர் விசாரணை ஆணையம் போட்டார்கள். சாவுக்குக் காரணம் நீரில் மூழ்கியதுதான் என்ற வாதம் எழுந்தது.

அந்த வாதத்தை அறவண அடிகளிடம் கொண்டுபோவோம். பக்கம்: சாவுக்குத் தடியடி பொறுப்பல்ல. ஏது: நீரில் மூழ்கியதால். திட்டாந்தம்: குளிக்கப் போய் வழுக்கி விழுந்தவனைப் போல. நல்ல ஏது என்றால் எதிர்ப்பக்கத்தில் அது இருக்கக் கூடாது. இங்கே இருக்கிறதே! வெறிநாய் விரட்டிக் கிணற்றில் விழுந்தவனும் மூழ்கித்தான் சாகிறான். விரட்டாத இடத்திலும் விரட்டிய இடத்திலும் பொதுவாகக் கிடக்கிற காரணம் எதையும் நிறுவாது. இதற்குச் 'சாதாரணம்' என்று பெயர் வைத்து ஏதுப் போலியில் சேர்த்திருக்கிறது மணிமேகலை. செத்தது எப்படி என்ற கேள்விக்கான பதிலை, ஏன் செத்தார்கள் என்ற கேள்விக்குப் பதிலாக வைக்கிறார்கள்.

மொழியும் கூட வேலை செய்கிறது. 'ஆற்றுக்குள் ஓடினார்கள்' தன்வினை. 'ஆற்றுக்குள் ஓட்டினார்கள்' பிறவினை. ஒரு 'ட்' கூடினால் செய்தவன் வாக்கியத்துக்குள் வந்துவிடுகிறான். அந்த ஒரு ஒற்றைத்தான் மறைக்கப் பார்க்கிறார்கள். ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்' ஆவணப்படத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். காண்பதும் ஓர் அளவைதானே.

எங்க சித்தி எழுதப் படிக்கத் தெரியாதவள். அப்போது அவள் சொன்னாள்: "ஆத்துல விழுந்தாவ, விழுந்தாவன்னு சொல்லுதாவ. ஏம் விழுந்தாவன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கான்." ஏதுப் போலியைப் பிடிக்க அவளுக்கு எந்தப் பள்ளிக்கூடமும் தேவைப்படவில்லை. ஆகவே தோழரே, தருக்கம் அவர்களுடைய சொத்து என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

அதே 1999இல், இதே பாளையங்கோட்டையில், தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்திலிருந்து ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வெளிவந்தது. 1907இல் பத்திரிகை தொடங்கிய அயோத்திதாசர், வாதத்துக்கு முன்னால் சொல்லைப் பிரித்தார். 'பிராமணர்' என்ற ஒரே சொல்லை யதார்த்த பிராமணர், வேஷ பிராமணர் என்று இரண்டாக்கினார். அவருடைய சொல்லாராய்ச்சி எல்லாவற்றையும் ஒத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் எங்கே கை வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பாட்டு வேண்டும், கலகமும் வேண்டும். ஜூலை 23இல் ஆற்றில் பூப்போடும்போது நமக்குப் பாட்டுத்தான் வாயில் வருகிறது. ஆனால் ஓர் ஆணையத்தின் அறிக்கை மேசையில் கிடக்கும்போது பாட்டால் அதை மறுக்க முடியாது. அறிக்கைகளைக் கையில் எடுக்கிற மாணவத் தோழர்கள் மணிமேகலையின் 29ஆவது காதையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வினைச்சொற்களுக்கு அடியில் கோடு போடுங்கள். பிறகு ஏதுவைச் சோதியுங்கள். 'உலகம்' என்று வருகிற இடத்தில் மட்டும் அறவண அடிகளையும் நிறுத்தி, எந்த உலகம் என்று கேளுங்கள்.