மின்முனைதான் கவர்கிறதா?

மழை ஓய்ந்தபின் செஞ்சிக் கோட்டைச் செட்டிக்குளத்தில் ஒரு குவளை கலங்கல் நீர் எடுத்து வையுங்கள். எளிதில் தெளியாது. நுண்ணிய களிமண் துகள்கள் எதிர்மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று விலக்குவதே காரணம். இத்தகைய துகள்கள் மின்புலத்தில் நகர்வதை 1808-இல் ரூஸ் கண்டார். தமிழில் இதற்கு வழங்கும் பெயர்களுள் ஒன்று ‘மின்முனைக் கவர்ச்சி’.

இந்நகர்ச்சியால் பீங்கான் மீநுண் துகள்களைப் பூச்சாகப் படியவைக்கும் முறையைப் பற்றிப் புவனேசுவரத்து ஆய்வாளர் லட்சுமிதர் பெஸ்ராவும் அமெரிக்காவின் மெய்லின் லியுவும் 2007-இல் 61 பக்க மீள்பார்வைக் கட்டுரை ஒன்று எழுதினர். சிறந்த கட்டுரை, எனினும் எனக்கு இரு குறைகள் தெரிகின்றன.

நீரில் 1.23 வோல்ட்டைத் தாண்டினாலே மின்னாற்பகுப்பு நிகழலாம். வாயுக்குமிழிகள் பூச்சைத் துளைத்துவிடும். ஆகவே எத்தனால், அசிட்டோன் போன்ற கரிமக் கரைப்பான்களை நாடுகிறார்கள். ஒப்புமை விடுதிறன் 12 முதல் 25 வரை உள்ள கரைப்பான்களிலேயே படிவு கிடைத்தது என்ற பவர்ஸின் 1975-ஆம் ஆண்டு முடிவைக் கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. விடுதிறன் மிகக் குறைந்தால் துகள்கள் போதிய மின்னூட்டம் பெறா. மிகுந்தால் அயனிகள் பெருகி நகர்ச்சி தளரும். ஆனால் பவர்ஸ் ஆராய்ந்தது பீட்டா அலுமினா என்ற ஒரே பொருளை! குறைந்த மின்னழுத்தத்தில் நீரிலும் (விடுதிறன் ஏறத்தாழ 80) பூச்சுப் போட இயலும். மாணவர் அதைப் பொதுவிதியாகக் கொள்ளாதபடி அழுத்தமாக எச்சரித்திருக்கலாம்.

இரண்டாவது குறை பெரிது. மின்முலாம் பூசுகையில் உலோக அயனி மின்முனையில் மின்னூட்டம் இழந்து அணுவாகிறது. பீங்கான் துகள் ஏன் ஒட்டுகிறது? பின்வரும் துகள்களின் அழுத்தத்தால் என்றனர் ஹமேக்கரும் வெர்வேயும் (1940). மின்னூட்டம் இழப்பதால் என்றனர் வேறு சிலர். துகளைச் சூழ்ந்த அயனிப்படலம் உருக்குலைந்து மெலிவதால் என்றனர் சர்க்காரும் நிக்கல்சனும் (1996). மின்முனைகளுக்கு நடுவே ஒரு சவ்வை வைத்தபோது அதன்மீதே அலுமினா அடர்த்தியாகப் படிந்ததை இவ்விருவரும் காட்டினர். மின்முனையைத் தொடாமலே படிவு! இச்சான்றுக்குப் பின்னும் விளக்கங்களை வரிசையாக அடுக்கினால் போதுமா? எது வலியது என்று தீர்ப்புச் சொல்லியிருக்க வேண்டாமா?

குறை சொல்ல எனக்கும் தகுதி குறைவே. “மின்முனை இழுக்கிறது, துகள் ஒட்டுகிறது” என்றே ஆறாண்டுகள் பாடம் நடத்தினேன். “பீங்கான் மின்கடத்தாதே சார், மின்னூட்டத்தை எப்படி இழக்கும்?” என்று கேட்ட மாணவியைப் பாடத்தில் இல்லை என்று உட்காரவைத்தேன். இவ்வாண்டு கரும்பலகையில் ‘மின்புல நகர்ச்சி’ என்று எழுதினேன். தேர்வில் பழைய சொல்லையே எழுதுங்கள் என்றும் சொல்ல வேண்டியதாயிற்று.