ஓதும் ஆங்கிலம்

கோயிலில் அர்ச்சனை நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். தட்டு மாறும், தேங்காய் மாறும், தட்டேந்தி நிற்பவரும் மாறுவார்; மந்திரம் மட்டும் மாறாது. பெயர், நட்சத்திரம், கோத்திரம் என்னும் மூன்று இடங்களைக் காலியாக வைத்துக்கொண்டு, வந்தவருக்கு ஏற்ப நிரப்பிச் சொல்லி முடித்துவிடுவார் அர்ச்சகர். சொல்பவருக்கும் பொருள் தெரிய வேண்டியதில்லை. கேட்பவருக்கும் தெரிய வேண்டியதில்லை. இதை நாம் எத்தனை மேடைகளில் எள்ளி நகையாடியிருக்கிறோம்!

அதே அர்ச்சனை நம்முடைய மேல்நிலைப் பள்ளிகளிலே அன்றாடம் நடக்கிறது, தோழர்களே! அதற்கு நாம் சூட்டியிருக்கும் பெயர் ஆங்கிலப் பாடம்.

மிகைப்படுத்துகிறேன் என்று எண்ணாதீர்கள். 'மெல்லக் கற்போர்' என்று பட்டம் சூட்டப்பட்ட பிள்ளைகளுக்கு, தேர்வு நெருங்கியதும் ஒரு ஜெராக்ஸ் தாள் வழங்கப்படும். அதிலே 'பொதுப் பத்தி' என்று ஒன்று இருக்கும். இந்தப் பாடத்தை எழுதியவர் இன்னார், இது மிகச் சுவையானது, இதிலே ஆசிரியர் வாழ்க்கையின் உண்மையை அழகாக விளக்குகிறார் என்று ஏழெட்டு ஆங்கில வாக்கியங்கள். இன்னார் என்னும் இடம் மட்டும் காலி. தால்சுதாய் கதையா, தால்சுதாயின் பெயரைப் போடு. ஷேக்ஸ்பியரா, அவர் பெயரைப் போடு. எந்தப் பாடத்துக்கும் பொருந்தும். ஆகவே எந்தப் பாடத்துக்கும் பொருந்தாது. நானும் அந்தத் தாளைக் கொடுத்தவன்தான். பணியிலே சேர்ந்த முதல் ஆண்டில், தேர்ச்சி விழுக்காட்டுக்கு அஞ்சி, முப்பது படிகள் எடுத்து வந்து என் கையாலேயே கொடுத்தேன். மறைப்பானேன்?

எரியோட்டில் நான் அறிந்த மாணவி ஒருத்தி. அவளுடைய தாயார் வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலை ஒன்றில் வேலை செய்பவர். ஒருநாள் அந்த அம்மையார் ஒரு தாளோடு வீடு திரும்பினார். தாளில் இருந்தது முழுக்க ஆங்கிலம். அடியிலே கையொப்பத்துக்கு ஒரு கோடு. மகள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்தில் நூற்றுக்கு 84 வாங்கியவள். பன்னிரண்டு ஆண்டுகளாக ஆங்கிலம் படிப்பவள். "என்ன கண்ணு போட்டிருக்கு?" என்று தாய் கேட்க, மகள் நெடுநேரம் தாளைப் பார்த்தாள். பிறகு, "தெரியலைம்மா, சார்கிட்டக் கேட்டுட்டு வர்றேன்" என்றாள். என்னிடம் வந்தது அந்தத் தாள். ஊதியத்தில் செய்யப்படும் பிடித்தங்களுக்கு ஒப்புதல் அளிக்கிறேன் என்பதே அதன் சாரம். ஆறு வரிகள், கடினமான சொல் இரண்டோ மூன்றோ. 84 மதிப்பெண்ணால் அந்த ஆறு வரிகளைக் கடக்க முடியவில்லை!

இதை ஒரு வீட்டுச் செய்தி என்று தள்ளிவிட முடியாது. 1968 ஜனவரி 23 அன்று தமிழக சட்டமன்றம், நம் பள்ளிகளில் தமிழும் ஆங்கிலமும் போதும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. அன்று முதல் இன்று வரை, உலகோடு உறவாட எங்களுக்கு ஆங்கிலம் இருக்கிறது என்று மார்தட்டிச் சொல்லி வருகிறோம். சரியான வாதம், நானும் சொல்கிறேன், இனியும் சொல்வேன். ஆனால் சொன்ன சொல்லுக்கு ஒரு விலை உண்டல்லவா? எரியோட்டுப் பிள்ளைக்கு உலகோடு வேண்டாம், பாலையின் அலுவலக அறையோடு உறவாடவாவது அந்த ஆங்கிலம் உதவ வேண்டாமா? மூன்றாம் மொழியைத் திணிக்க வருவோர்க்கு நாம் கொடுக்கத்தக்க வலுவான மறுமொழி, இரண்டாம் மொழியை உண்மையாகவே கற்றுக்கொடுத்துவிட்ட ஒரு வகுப்பறைதான்.

"அதற்கென்றே ஒரு பாடம் இருக்கிறதே!" என்பார் சிலர். இருக்கிறது. மேல்நிலை வகுப்பில் மாணவர் ஆறு பாடங்கள் எழுதுகிறார். முதற்பகுதி மொழி, இரண்டாம் பகுதி ஆங்கிலம், மூன்றாம் பகுதியில் நான்கு விருப்பப் பாடங்கள். அந்த மூன்றாம் பகுதிப் பட்டியலிலே 'தகவல் தொடர்பு ஆங்கிலம்' என்று ஒன்று உண்டு. பெயரை முதன்முதலில் பார்த்தபோது எனக்கும் உள்ளம் பூரித்தது. பிறகு பொதுத்தேர்வு அட்டவணையைப் பார்த்தேன். தகவல் தொடர்பு ஆங்கிலம், கணினி அறிவியல், கணினிப் பயன்பாடுகள், உயிர் வேதியியல், சிறப்புத் தமிழ், மனையியல், அரசியல் அறிவியல், புள்ளியியல் என அத்தனையும் அண்மை ஆண்டுகளில் ஒரே நாளில் நடந்த தேர்வுகள். இதன் பொருள் என்ன? இந்த வரிசையில் ஒன்றை எடுத்தவர் மற்றொன்றை எடுக்க முடியாது. கணினி வேண்டுமா, ஆங்கிலத்தில் எழுதத் தெரிய வேண்டுமா, ஒன்றைச் சொல் என்று பதினைந்து வயதுப் பிள்ளையிடம் கேட்கிறோம். ஏழை வீட்டுப் பிள்ளை எதைச் சொல்லும்? அதைவிட வேடிக்கை, சிறப்புத் தமிழை விரும்பும் பிள்ளை இந்த ஆங்கிலத்தைத் தொட முடியாது. இதை விரும்பும் பிள்ளை சிறப்புத் தமிழைத் தொட முடியாது. இருமொழிக் கொள்கை கொண்ட நாட்டிலே இரு மொழிகளையும் ஆழ்ந்து கற்க விரும்புகிறவனுக்கு வழியில்லை!

அப்படியே விரும்பினாலும், அந்தப் பிரிவு பள்ளியில் இருக்க வேண்டுமே! எந்தப் பிரிவு நடக்கும் என்பதை மாணவர் விருப்பம் தீர்மானிப்பதில்லை; ஆசிரியர் பணியிடம் தீர்மானிக்கிறது. எங்கள் வட்டாரத்தில் இந்தப் பாடத்தை எடுத்துப் படித்த பிள்ளை ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை. இருப்பவனுக்கு விருப்பம், இல்லாதவனுக்கு விலக்கு! தன் மொழியல்லாத மொழியில் ஒரு தாளைப் படித்துப் பொருள் கொள்வதும், ஒரு கடிதம் எழுதுவதும் சிலருக்கு மட்டும் உரிய விருப்பப் பாடமாக இருக்கலாமா? அவை எல்லாரும் எழுதும் இரண்டாம் பகுதியிலே அல்லவா இருக்க வேண்டும்?

இரண்டாம் பகுதியின் நிலை என்ன? மேல்நிலை வகுப்பில் 2018-19 கல்வியாண்டு முதல் மொழிப்பாடங்களின் இரு தாள்கள் ஒன்றாயின. சுமை குறைந்தது, நல்லது. எழுத்துத் தேர்வுக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 10. அந்த 90-இல் இருபது ஒரு மதிப்பெண் வினாக்கள், பிறகு இரண்டு, மூன்று, ஐந்து மதிப்பெண் வினாக்கள். காணாத பத்தி உண்டு, கடிதம் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் பாடநூலில் ஏற்கெனவே கேட்டிருக்கும் வினாவுக்குக் கைடில் ஏற்கெனவே எழுதியிருக்கும் விடையைத் திருப்பி எழுதியே பெரும்பகுதி மதிப்பெண்ணைப் பெற்றுவிடலாம் என்றிருக்கையில், எந்தப் பிள்ளை காணாத பத்தியைக் காண முயலும்?

இத்தனைக்கும் பாடநூல் தரத்தில் குறைந்ததன்று. 2018-இலும் 2019-இலும் வெளிவந்த பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கில நூல்களைப் புரட்டுங்கள். நைஜீரியாவின் கேப்ரியல் ஒகாரா இருக்கிறார், ஜார்ஜ் ஆர்வெல் இருக்கிறார், மேரி கோம் இருக்கிறார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1967-இல் அறிஞர் அண்ணா ஆற்றிய பட்டமளிப்பு விழா உரையும் பதினொன்றாம் வகுப்பில் பாடமாக இருக்கிறது. ஆங்கிலத்தைத் தம் கைவாளாகச் சுழற்றிய அண்ணாவின் உரைக்கும் ஒரு கைடு. அதிலும் ஐந்து மதிப்பெண் விடை. அதையும் பொதுப் பத்தியால் நிரப்பி 'ஆசிரியர் வாழ்க்கையின் உண்மையை அழகாக விளக்குகிறார்' என்று எழுதுகிறான் நம் தம்பி!

பன்னிரண்டாம் வகுப்பில் கி. ராஜநாராயணனின் 'நாற்காலி' ஆங்கிலத்தில் இருக்கிறது. இதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். கரிசல்காட்டு வீடு, வீட்டுக்கு ஒரு நாற்காலி செய்ய நடக்கும் பேச்சு, பிறகு அந்த நாற்காலி ஊரில் இறந்தவர்களை உட்கார வைக்க இரவல் போகத் தொடங்குவது – இவை எங்கள் பிள்ளைகளுக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. தமிழ் மூலத்தையும் ஆங்கிலத்தையும் பக்கம் பக்கமாக வைத்துப் படிக்கச் செய்தேன். எந்தச் சொல் ஆங்கிலத்தில் ஏறவில்லை, எங்கே மொழிபெயர்ப்பாளர் சுருக்கிக்கொண்டார் என்று கேட்டேன். வகுப்பு விழித்துக்கொண்டது! கைடில் விடையில்லாத வினா அது. முதன்முறையாக அவர்கள் ஓர் ஆங்கிலப் பக்கத்தோடு சண்டையிட்டார்கள். சண்டையிட வேண்டுமானால் படித்தாக வேண்டுமே. நான்கு பாடவேளைகள் போயின. 'போர்ஷன்' முடியவில்லை என்று கேள்வியும் வந்தது.

புதிய கண்டுபிடிப்பு எதையும் நான் செய்துவிடவில்லை. என். எஸ். பிரபு என்னும் அறிஞர், பெங்களூரில் உள்ள வட்டார ஆங்கில நிறுவனத்தின் துணையோடு, 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் ஆகிய ஊர்களின் சாதாரணப் பள்ளிகள் சிலவற்றில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கண விதியைச் சொல்லி ஒப்புவிக்கச் செய்யாமல், ஒரு நில வரைபடத்தையோ இரயில் கால அட்டவணையையோ பிள்ளைகளிடம் கொடுப்பது. அதை வைத்து விடை காண வேண்டிய கணக்கு ஒன்றை ஆசிரியரும் வகுப்பும் வாய்விட்டுப் பேசித் தீர்ப்பது. பிறகு அதே போன்ற இன்னொன்றைப் பிள்ளை தானே படித்துத் தீர்ப்பது. விடை சரியா என்பதே கேள்வி. வாக்கியம் பிறகு திருந்தும். இதை அவர் 1987-இல் நூலாக வெளியிட்டார். ஆங்கிலம் கற்பிக்கும் நாடுகளெல்லாம் இன்று இந்தச் சோதனையைப் பாடமாகப் படிக்கின்றன. சென்னையிலும் கடலூரிலும் விளைந்த விதை, விளைச்சல் ஊராருக்கு! நம் தேர்வுத்துறையின் வாசலை அது இன்னும் தாண்டவில்லை.

எரியோடு, திண்டுக்கல் – கரூர் இருப்புப்பாதையில் ஒரு நிலையம். ஆகவே பிரபுவின் வழியிலே நானும் ஒரு கால அட்டவணையைக் கொடுத்து, கரூரில் காலை பத்து மணிக்கு நேர்காணல், எந்த வண்டியில் ஏறுவாய் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். பொதுப் பத்தி வாங்கியவர்களுள் ஒருவன் எழுந்தான். நான் மனத்தில் வைத்திருந்த வண்டியைக் காட்டி, "தட் ட்ரெயின் நாட் ஸ்டாப் ஹியர், சார். ஐ கோ பஸ்" என்றான். இலக்கணம் இரண்டு இடத்தில் இடறியது. ஆனால் ஆசிரியரின் தவற்றை ஆங்கிலத்தில் எடுத்துக்காட்டிய வாக்கியம் அது. இதற்கு எந்தத் தேர்வில் மதிப்பெண் உண்டு?

கேட்க வேண்டியவை பெரியவை அல்ல. இரண்டாம் பகுதித் தாளில் பாதியேனும் காணாத பத்திக்கும் சொந்தமாக எழுதுவதற்கும் ஒதுக்கப்படட்டும். பாடநூலிலிருந்து கேட்டாலும் நூலில் அச்சாகாத வினாவாகக் கேட்கட்டும். தேர்ச்சி விழுக்காடு முதலாண்டு சரியும் என்பது எனக்குத் தெரியும். அந்தச் சரிவுக்கு ஆசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றமாட்டோம் என்று கல்வித்துறை எழுதிக் கொடுக்கட்டும். பொதுப் பத்தியை நானே முதல் ஆளாகக் கிழித்தெறிவேன்.

அந்த நூற்பாலைத் தாளுக்கு வருகிறேன். மாணவியிடம் பொருளைச் சொல்லவில்லை. அகராதியைக் கொடுத்து, மூன்று நாள் தவணை கொடுத்தேன். இரண்டாம் நாளே படித்துவிட்டாள். பிடித்தம் எதற்கு, எவ்வளவு என்று கேட்டு ஆங்கிலத்தில் நான்கு வரிக் கடிதம் எழுதினாள். பிடித்தம் என்பதற்குரிய சொல்லில் ஓர் எழுத்துப் பிழை, நான் திருத்தவில்லை. தாயார் கையொப்பமிடாத தாளையும் அந்தக் கடிதத்தையும் ஒரே உறையில் போட்டு எடுத்துப் போனார். பதில் இன்னும் வரவில்லை.