மண் பார்த்து ஊர் தேடுதல்

விடுமுறை நெருங்கினால் எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுதான். "இந்த வருஷம் எந்தப் பக்கம் போகலாம்?" பாட்டிக்குக் கோயில் வேண்டும், பிள்ளைகளுக்குக் கோட்டை வேண்டும், டிக்கெட் எடுப்பவருக்கு எல்லாம் ஒரே ரயில் பாதையில் வர வேண்டும். கடைசியில் ஏழு நாளில் ஐந்து நகரம் என்று ஒரு பட்டியல் தயாராகும். அப்படி ஒரு பயணம் நானும் போயிருக்கிறேன். திரும்பி வந்து படங்களைப் பார்த்தபோது எந்த வளைவு எந்த ஊர் வளைவு என்று எனக்கே தெரியவில்லை.

இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் மட்டும் 3,600-க்கும் மேற்பட்ட நினைவுச் சின்னங்கள் இருக்கின்றன. நாளொன்றுக்கு ஒன்று என்று ஓயாமல் பார்த்தாலும் 10 ஆண்டுகள் ஓடிவிடும். ஆகவே, விடுவதற்கு ஒரு வழி தெரிந்தால்தான் எடுப்பதற்கும் ஒரு வழி பிறக்கும். அந்தப் பயணத்துக்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட அளவுகோல் எளிமையானது. அந்த ஊரின் மண்ணிலும் கல்லிலும் நீரிலும் இருந்து பிறந்த ஒரு சின்னப் பொருள் உண்டா? அதைப் பார்த்ததும் "இது இங்கேதான் பிறந்திருக்க வேண்டும்" என்று தோன்றுமா? தோன்றினால் அந்த ஊருக்கு டிக்கெட் எடுக்கலாம். இந்த அளவுகோலில் தாஜ்மகாலே தேறாது. அதன் பளிங்கு ராஜஸ்தானத்து மக்ரானாவிலிருந்து வந்தது. தேறாததால் தாஜ்மகாலுக்கு ஒரு குறையும் இல்லை. ஆக்ராவுக்கு யாரும் வழிகாட்ட வேண்டியதும் இல்லை. இந்த அளவுகோல் என்னைக் கொண்டு சேர்த்த மூன்று ஊர்களைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன். ஒன்று மேற்கே, ஒன்று தக்காணத்தில், ஒன்று கிழக்கே.

முதலில் அகமதாபாத். 1411-இல் சுல்தான் அகமது ஷா எழுப்பிய நகரம். 2017-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரம் என்ற பெயரை இந்தியாவில் முதலில் பெற்றதும் இதுவே. அதன் லால் தர்வாஜா பகுதியில், வாகன இரைச்சலுக்கு நடுவே, சிதி சையத் பள்ளிவாசல் நிற்கிறது. அளவில் சிறியது. அபிசீனிய வம்சாவளியைச் சேர்ந்த சிதி சையத் 1572-73-இல் கட்டுவித்தது. குஜராத் சுல்தான்களின் ஆட்சி முடிந்து அக்பரின் படை உள்ளே வந்த காலம் அது.

அங்கே பார்க்க வேண்டியது மேற்குச் சுவரின் கல் பலகணிகள். மேலே அரைவட்டமாக வளைந்தவை. கட்டம் கட்டமாகக் கணிதக் கோலங்கள் துளைத்த பலகணிகளை முதலில் நின்று பாருங்கள்; அவையும் சாதாரண வேலையல்ல. அப்புறம் மரப் பலகணிக்கு வாருங்கள். மரத்தால் செய்ததில்லை, மரமாகவே செய்தது. ஒரு மரம் அடியிலிருந்து எழுந்து, கிளை பிரிந்து, கொடிபோல் சுருண்டு, வளைவு முழுவதையும் நிறைத்துவிடுகிறது. பனை இனத்து மரம் ஒன்றும் அதனுள் பின்னிக் கிடக்கிறது. கொஞ்ச நேரம் பார்த்தால் ஒன்று பிடிபடும். இது துளைத்த கல். எந்த இலையும் தனியே நிற்க முடியாது. ஏதேனும் ஒரு கிளையைத் தொட்டால்தான் அது கல்லாக அங்கே இருக்கும், தொடாவிட்டால் உளிக்குக் கீழே விழுந்துவிடும். அழகுக்காகச் சுருண்டதாக நாம் நினைக்கும் கொடி ஒவ்வொன்றும் இரண்டு இலைகளைத் தாங்கிப் பிடிக்கிறது. கட்டுமானக் கணக்கைச் சிற்பி தாவரத்தின் இயல்புபோல் ஒளித்துவைத்திருக்கிறார். மாலையில், மேற்கு வெயில் சாய்வாக விழும்போது, கல் பின்வாங்கி வெளிச்சம் முன்னால் வந்துவிடும். அகமதாபாத்தின் இந்திய மேலாண்மைக் கழகம் தன் சின்னத்துக்கு இந்தப் பலகணியைத்தான் எடுத்துக்கொண்டது.

இந்தக் கை எங்கிருந்து வந்தது என்று தேடினால் பழைய நகரத்துக்குள் நுழைய வேண்டும். 'போள்' என்று அழைக்கப்படும் குடியிருப்புச் சந்துகள். முகப்பில் ஒரு வாயில், உள்ளே ஒன்றையொன்று ஒட்டிய வீடுகள். திண்ணைக்கு அங்கே 'ஓட்லோ', முற்றத்துக்கு 'சவுக்'. நிலைக்கதவு, தூண், மாடத்தைத் தாங்கும் கொடுங்கை எல்லாம் செதுக்கிய மரம். மரத்தில் பழகிய ஊர் கல்லையும் மரத்தைப் போலவே கையாண்டிருக்கிறது. சந்து முனைகளில் புறாக்களுக்கும் கிளிகளுக்கும் தீனி வைக்கத் தூண்மேல் கட்டிய சிறு மண்டபம் நிற்கும். 'சபூத்ரோ' என்பார்கள். பறவைக்குக் கட்டியதிலும் வேலைப்பாட்டைக் குறைக்கவில்லை. முற்றத்தின் கீழே 'டாங்கா' என்ற நிலத்தடித் தொட்டி. கூரையில் விழும் மழையைக் குழாய் வழியாக இறக்கி ஆண்டு முழுவதும் குடிக்கச் சேமித்தார்கள். 1997-இல் தொடங்கிய பாரம்பரிய நடை இந்தச் சந்துகள் வழியாகத்தான் போகிறது. காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலில் புறப்பட்டு 1424-ஆம் ஆண்டின் ஜாமா மசூதியில் முடிகிறது. ஒரு காலைப்பொழுது போதும், நடக்கக் கால் இருந்தால்.

அடுத்தது பீதர். ஐதராபாத்திலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். கர்நாடகத்தின் வட கோடி. 15-ஆம் நூற்றாண்டில் பாமினி சுல்தான்கள் குல்பர்காவிலிருந்து தலைநகரை இங்கே மாற்றினார்கள். செம்புரைக்கல் மேட்டின்மேல் கோட்டை. பாறையையே குடைந்து மூன்று அடுக்காக வெட்டிய அகழி. கோட்டையின் பிரம்மாண்டத்தைப் பார்க்கச் சிலர் வருவார்கள். நான் போனது அதன் மண்ணுக்காக.

பீதர் கைவினை என்பது கறுப்பு உலோகத்தில் வெள்ளி பதிப்பது. துத்தநாகத்தோடு சிறிதளவு செம்பு சேர்த்து உருக்கி, விளக்கெண்ணெயும் பிசினும் கலந்த மண் அச்சில் வார்க்கிறார்கள். வார்த்த கூஜாவோ வெற்றிலைப் பெட்டியோ அப்போது சாம்பல் நிறம். சாம்பலில் கோடு தெரியாது என்பதால் மயில்துத்தக் கரைசலைப் பூசித் தற்காலிகமாகக் கறுப்பாக்குவார்கள். அந்தக் கறுப்பின்மேல் உளியால் கையோட்டமாகப் பூவும் இலையும் வெட்டுவார்கள். வெட்டிய பள்ளத்தில் வெள்ளிக் கம்பியை வைத்துத் தட்டினால் 'தார்கஷி'. வெள்ளித் தகட்டை வைத்தால் 'தஹநஷான்'. பிறகு மேற்பரப்பை நன்றாகத் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். கறுப்பு போய்விடும். சாம்பலும் வெள்ளியும் ஒன்றோடொன்று கலந்து, அத்தனை நாள் செய்த வேலை கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். புதிதாகப் பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும் நேரம் இது.

மீட்பது கோட்டை மண். கோட்டையின் பழைய கட்டடங்களுக்குள், வெயிலும் மழையும் படாத இடத்திலிருந்து எடுத்த மண். நல்ல மண்ணா என்று நாக்கில் வைத்துப் பார்த்துச் சொல்லும் கைவினைஞர்கள் உண்டு. அதை நவச்சாரத்தோடு நீரில் கலந்து, சூடாக்கிய பாத்திரத்தின்மேல் பூசுகிறார்கள். துத்தநாகக் கலவை கறுத்துவிடும். இந்தமுறை அழியாத கறுப்பு. வெள்ளிக்கு ஒன்றும் ஆகாது. எண்ணெய் தொட்டுத் துடைத்தால், அமாவாசை இரவில் மல்லிகை சிந்தியதுபோல் பூவேலை மேலே வரும். வெள்ளி எங்கும் கிடைக்கும், துத்தநாகமும் எங்கும் கிடைக்கும். அந்தக் கறுப்புக்கு இந்தக் கோட்டை வேண்டும். 2006-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அரசாங்கம் காகிதத்தில் எழுதியதைக் கைவினைஞரின் நாக்கு முன்பே எழுதிவிட்டது.

இதைப் பார்த்த கண்ணோடு கோட்டைக்குள் ரங்கீன் மகாலுக்குப் போங்கள். அங்கே பளபளப்பாக்கிய கருங்கல்லில் முத்துச்சிப்பி பதித்திருக்கிறார்கள். கறுப்பில் வெள்ளை. வெள்ளிக்குப் பதில் சிப்பி, உலோகத்துக்குப் பதில் கல், அவ்வளவே மாற்றம். ஓர் ஊரின் ரசனை பட்டறையிலிருந்து அரண்மனைக்கு ஏறியதா, அரண்மனையிலிருந்து பட்டறைக்கு இறங்கியதா என்று யோசித்துக்கொண்டே வெளியே வரலாம்.

ஊருக்குள் மகமூத் கவானின் மதரசா இருக்கிறது, 1472-இல் கட்டியது. பாரசீகத்து கீலானிலிருந்து வந்து பாமினி அரசின் அமைச்சராக உயர்ந்தவர் கவான். பொய்க் கடிதம் ஒன்றைக் காட்டி எதிரிகள் மூட்டிய சூழ்ச்சியில், 1481-இல் சுல்தானின் ஆணைப்படி கொல்லப்பட்டார். பின்னாளில் உள்ளே வைத்திருந்த வெடிமருந்து வெடித்துக் கட்டடத்தின் முன்பகுதி பாதி போயிற்று. இரண்டு மினார்களில் எஞ்சியது ஒன்று. அதன் உடலில் கோணல் கோடுகளாக ஓடும் வண்ண ஓடுகளும் உதிர்ந்தது போக மிச்சம்தான். மிச்சமிருக்கும் நீலத்தைப் பாருங்கள். ஐந்தரை நூற்றாண்டைக் கடந்த அந்தக் கல்விச்சாலையில், உதிர்ந்த இடத்துக்கும் சேர்த்து அந்த நீலமே வேலை செய்கிறது.

மூன்றாவது, வங்காளத்தின் பாங்குரா மாவட்டத்து விஷ்ணுபூர். ஊர்க்காரர் உச்சரிப்பில் 'பிஷ்ணுபூர்'. ஹவுராவிலிருந்து சில மணி நேர ரயில். மல்ல அரசர்களின் தலைநகர். இங்கேயும் செம்புரைக்கல் உண்டு. ஆனால் அது துளைகள் நிறைந்த கல், கண்ணிமையும் விரல்நுனியும் செதுக்க இடம் கொடுக்காது. ஆகவே சிற்பிகள் களிமண்ணைக் கையில் எடுத்தார்கள். ஈரத்தில் உருவம் கொடுத்து, உலர்த்தி, சூளையில் சுட்டு, பலகை பலகையாகச் சுவரில் பதித்தார்கள்.

இரகுநாத சிங் 1643-இல் கட்டிய ஷியாம்ராய் கோயிலுக்கு ஐந்து கோபுரம். உயரம் பெரிதில்லை. ஆனால் சுவரில் உள்ளங்கை வைக்க வெற்றிடம் தேட வேண்டியிருக்கும். இராமாயணம், கிருஷ்ண லீலை, வேட்டை, இசைவாணர் என்று வரிசை வரிசையாகச் சுடுமண். ஓரிடத்தில் ராச மண்டலம்: நடுவில் ராதையும் கண்ணனும், சுற்றிலும் வட்டம் வட்டமாகக் கைகோத்த கோபியர். கல்லில் இல்லாத ஒரு குணம் இந்தச் சுடுமண்ணில் உண்டு. மண் ஈரமாக இருந்தபோது கை என்ன வேகத்தில் போயிற்று என்பதைச் சூளை அப்படியே பிடித்துவைத்துவிடுகிறது. ஒரு கன்னத்தின் வளைவில் அழுத்திய விரலின் அவசரத்தைக்கூட ஊகித்துவிடலாம்.

பக்கத்திலேயே 1655-இன் ஜோர் பங்களா. பெயரே வடிவத்தைச் சொல்கிறது: இரண்டு வங்காளக் குடிசைகள் ஒட்டி நிற்பதுபோன்ற கோயில். கூரையின் விளிம்பை மட்டும் கவனியுங்கள். நேர்கோடாக இல்லாமல் இரு ஓரமும் தாழ்ந்து வில்லாக வளைந்திருக்கும். மூங்கிலை வளைத்து ஓலை வேய்ந்த குடிசையில் மழைநீர் வடிவதற்கு ஏற்பட்ட வளைவு அது. செங்கல்லுக்கு வளைய வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் குடிசையின் நினைவில் வளைந்து நிற்கிறது. இந்த வளைவு பின்னர் முகலாய, ராஜபுத்திர மாளிகைகள் வரை போயிற்று. வங்காளத்து வீடு என்ற பொருளில் ஊர்விட்டு ஊர் போன சொல்தான் நம் வாயில் பணக்காரர் வீட்டைக் குறிக்கும் 'பங்களா'. குடிசைப் பெயர் மாளிகைக்கு ஏறிய கதை அந்தக் கூரை ஓரத்தில் இருக்கிறது.

மாலையில் ஊருக்குள் இரண்டு பொருள்களைத் தேடுங்கள். ஒன்று பாலுச்சரி பட்டுச் சேலை. அதன் முந்தானையில் கோயில் சுவரைப்போலவே கட்டம் கட்டமாகக் கதை ஓடும். மற்றது தசாவதாரச் சீட்டு. வட்டமான சீட்டுகள், அவதாரத்துக்குப் பன்னிரண்டாக மொத்தம் 120. பழந்துணியைப் புளியங்கொட்டைப் பசையால் அடுக்கடுக்காக ஒட்டி, மேலே வண்ணம் தீட்டியவை. அதில் ஒரு மச்சாவதாரத்தை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தால், சுவரில் பார்த்த அதே அகன்ற கண் உங்களைப் பார்க்கும்.

மூன்று ஊரையும் ஒரே விடுமுறையில் அடைக்காதீர்கள். ஓர் ஊர், இரண்டு முழு நாள், நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில். முதல் நாள் அந்தச் சின்னப் பொருளை மட்டும் பாருங்கள். இரண்டாம் நாள் அது சொல்லும் இடங்களுக்குப் போங்கள். எதையோ விட்டுவிட்டோம் என்ற எண்ணம் வந்தால் சிதி சையத் பள்ளிவாசலின் நடுச் சாளரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் மரங்கள் பூத்திருக்க, எல்லாவற்றையும்விடச் சிறப்பாக இருந்திருக்க வேண்டிய அந்த நடு இடம் வெறும் கல்லால் அடைத்துக் கிடக்கிறது. படை வந்துவிட்டதால் வேலை நின்றிருக்கலாம் என்கிறார்கள். 450 ஆண்டுகளாக அது அப்படியேதான் இருக்கிறது. அதனால் பக்கத்து மரங்களில் ஓர் இலைகூடக் குறையவில்லை.